விழுந்தவன் பிழைப்பானா, முடிந்துவிட்டானா?

கேள்வி: நாலு பேர் டீமாக ஆன்லைனில் விளையாடும்போது, விழுந்து கிடந்த நண்பனை ரிவைவ் பண்ண, அதாவது தூக்கிவிட்டுப் பிழைக்க வைக்க, ஓடினேன். பக்கத்தில் போன பிறகுதான் அவன் ஏற்கெனவே முடிந்துவிட்டான் என்று தெரிந்தது. அதற்குள் என்னையும் சுட்டுவிட்டார்கள். செத்தவன் உட்பட மொத்த டீமும், 'கண்ணைத் திறந்து பார்த்து ஆடு' என்று திட்டுகிறது. தப்பு என் மேலா?

பதில்: இல்லை. முதல் தப்பு அந்த கேமை வடிவமைத்தவர்கள் மேல். ஓடிப்போய்த் தூக்குவதா, விட்டுவிட்டுத் தப்பிப்பதா என்று முடிவெடுக்க உங்களுக்குக் கிடைப்பது ஓரிரு நொடி. நாக் ஆனவனும் (அடிபட்டு விழுந்து, இன்னும் தூக்கிவிடக்கூடிய நிலையில் இருப்பவன்) செத்தவனும் ஒரே மாதிரி குப்புறக் கிடந்தால் எந்தக் கண்ணும் ஏமாறத்தான் செய்யும்.

இதை ஒழுங்காகச் செய்த கேம்கள் இருக்கின்றன. பப்ஜியில் நாக் ஆனவர் முட்டிபோட்டுத் தவழ்வார். செத்துவிட்டால் அவருடைய பொருள்கள் அடங்கிய பெட்டிதான் மிஞ்சும். தூரத்திலிருந்தே வித்தியாசம் தெரியும். ஏபெக்ஸ் லெஜெண்ட்ஸ் 2019-இல் வந்தபோது, பெட்டியான பிறகும் ஒரு வாய்ப்பைக் கொடுத்தது. 90 நொடிக்குள் பெட்டியிலிருந்து செத்தவருடைய அடையாளமான பேனரை எடுத்து, ஆளைத் திரும்ப அழைக்கும் கருவியான ரெஸ்பான் பீக்கனுக்குக் கொண்டுபோனால் ஆள் திரும்பி வருவார். அந்த 90 நொடி கரைவது கூட்டாளிகளின் திரையிலேயே தெரியும். போகலாமா வேண்டாமா என்று கணக்குப் போட முடிகிறது பாருங்கள், அதுதான் விஷயம்.

எனக்கு மிகவும் பிடித்தது 2008-இல் வந்த லெஃப்ட் 4 டெட் செய்த ஏற்பாடு. இரண்டு முறை விழுந்து தூக்கிவிடப்பட்டவரின் திரை கறுப்பு வெள்ளையாகிவிடும். மறுபடி விழுந்தால் சாவுதான், கைகொடுத்துத் தூக்க முடியாது. அதை விழுவதற்கு முன்பே சொல்லிவிடுகிறது. 'எனக்கு இதுதான் கடைசி, முதலுதவிப் பெட்டி யாரிடம் இருக்கிறது?' என்று கேட்க அவருக்கு அவகாசம் கிடைக்கிறது.

விழுந்தவரைக் காட்டும் ஐகானின் (சின்னத்தின்) நிறத்தை மட்டும் மாற்றிவிட்டு வேலை முடிந்தது என்று நினைக்கும் கேம்கள்மேல் எனக்கு நிஜமாகவே கோபம் உண்டு. பச்சை என்றால் பிழைப்பான், சிவப்பு என்றால் போச்சு. சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய முடியாதவர்கள் என்ன செய்வார்கள்? வடிவம் மாற வேண்டும், இல்லையென்றால் ஐகானே மறைந்துவிட வேண்டும். அப்புறம், மெடிக் (டீமில் வைத்தியம் பார்க்கும் ஆள்) மட்டுமே தூக்க முடியும் என்று விதி வைத்துவிட்டு எல்லோர் திரையிலும் ஐகானைப் பளிச்சென்று காட்டுவதும் தப்பு. உதவ முடியாதவரை வீணாகச் சாவுக்கு அழைக்கிற வேலை அது.

அறிகுறி சரியாக இருந்தும் ஆட்கள் கெடுப்பது உண்டு. 2018-இல் வந்த பேட்டில்ஃபீல்டு ஃபைவில் விழுந்தவருக்கு இரண்டு வழி. ஒரு பட்டனை அழுத்திப் பிடித்து உதவிக்குக் கூப்பிடலாம். இன்னொன்றைப் பிடித்துச் சீக்கிரம் செத்து, மறுபடி களத்தில் இறங்கலாம். மெடிக் ஊசியை எடுத்துக்கொண்டு குண்டுகளுக்கு நடுவே ஓடி வருவார். இன்னும் இரண்டடிதான் பாக்கி. விழுந்தவர் பொறுமையில்லாமல் இரண்டாவது பட்டனைப் பிடிக்க, ஐகான் மறைந்துவிடும். வெட்டவெளியில் மாட்டிக்கொண்டு நிற்பது மெடிக்தான்.

சரி, உங்கள் டீமுக்கு வருவோம். செத்தவருக்குத் தன் நிலைமை உங்களுக்கு முன்பே தெரியும். நாக் ஆகிக் கிடந்தால் உயிர் குறையும் கோடு அவர் திரையில் ஓடிக்கொண்டிருக்கும். முடிந்துவிட்டால் பெரும்பாலான கேம்களில் கேமரா இன்னொரு கூட்டாளியின் பின்னால் போய்விடும். நீங்கள் ஓடி வந்ததை உங்கள் முதுகுக்குப் பின்னாலிருந்து அவர் பார்த்துக்கொண்டே இருந்திருக்கலாம். திட்டுவதற்கு மைக் இருந்ததே, 'வராதே, நான் முடிஞ்சுட்டேன்' என்று சொல்ல ஏன் இல்லை? அடுத்த ஆட்டம் தொடங்குமுன் இதை அவரிடமே கேளுங்கள்.