ஏப்ரல் வெயிலை நம்பி மிளகாய்க் கன்றை வெளியே நடாதீர்கள்

தங்கச்சி, நீங்கள் நவம்பரில் கனடாவில் ஸ்காபரோவுக்கு வந்திருக்கிறீர்கள், இப்போது பனி கரைந்துவிட்டது, வீட்டுக்காரர் பின்வளவைப் பாவிக்கச் சொல்லிவிட்டார், என்ன நடலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். கூடவே லைசென்ஸ், வேலை என்றும். அதைச் சொல்ல இங்கே நிறையப் பேர் இருக்கிறார்கள், நான் வளவைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

நான் வந்தது 1994 பெப்ரவரியில். பேஸ்மென்ட் அறை, யன்னலால் பார்த்தால் பனிக்குவியல்தான். செத்தல் மிளகாய் விதையைத் தயிர்க் கோப்பைகளில் முளைக்கவைத்து, ஏப்ரலில் நல்ல வெயில் அடித்த ஒரு நாள் 22 கன்றையும் வெளியே நட்டேன். நாலாம் நாள் இரவு உறைபனி. விடியப் பார்த்தால் எல்லாம் அவித்த கீரை மாதிரிக் கறுத்துத் தொங்குகிறது. படியில் இருந்து அழுதேன். யாழ்ப்பாணத்துக்கு ஒரு கடிதம் போய்ச்சேர மாதக்கணக்கில் எடுத்த காலம் அது, அந்தக் கன்றுகள்தான் எனக்குத் துணையாக இருந்தன.

அதனால் சொல்கிறேன், விக்டோரியா தினம், அதாவது மே 25க்கு முந்தின திங்கட்கிழமை, அதுவரை மிளகாய், கத்தரி, தக்காளி, பாகல் எதையும் நிலத்தில் வைக்காதீர்கள். இப்போது யன்னலோரம் வளரட்டும். வெளியே நடுவதற்கு முன் ஒரு கிழமை, பகலில் கொஞ்சம் கொஞ்சமாக வெளியில் வைத்துப் பழக்குங்கள். முள்ளங்கி, மல்லி, பட்டாணி, ஸ்பினச் இவற்றுக்குக் குளிர் பிடிக்கும், ஏப்ரலிலேயே விதைக்கலாம். ஆனால் ஈர மண்ணில் மிதித்துவிடாதீர்கள், இறுகிப்போகும். ஒரு பிடி மண்ணை அள்ளிப் பொத்திப் பிடியுங்கள். விரலால் தட்ட உதிர்ந்தால் கொத்தலாம், களி மாதிரி ஒட்டினால் இன்னும் நாள் இருக்கிறது.

அந்த நாட்களில் கை சும்மா இருக்காது. முதல் வெயில் சனிக்கிழமை நான் யன்னல் முழுக்கத் திறந்துவிட்டு, போர்வைகளைக் கொடியில் போட்டு, வாசலில் சப்பாத்து வைக்கும் இடத்தில் வெள்ளையாய்ப் படிந்த, பனிக்காக வீதியில் தூவும் உப்பைச் சுடுதண்ணீரால் கழுவுவேன். பிறகு தும்புத்தடியோடு படிக்கட்டு. அம்மா விடியற்காலையில் முற்றம் கூட்டும் சத்தம் அப்போது காதில் கேட்கும். ஆள் பிடித்துச் செய்விக்கலாம்தானே என்று என் மகன் கேட்பான். எனக்கு இந்த ஒரு நாளுக்காகத்தான் குளிர்காலமே கழிகிறது.

எங்கள் ஆட்களில் சிலர் பின்வளவு முழுக்க சீமெந்து போட்டுவிட்டு, இந்த நாட்டில் என்ன வளரும் என்று கேட்பார்கள். முப்பது வருடம் இருந்தவர்களும் அதையே சொல்வதைக் கேட்க எனக்குப் பொறுக்காது. எனக்கு உள்ளி நடக் கற்றுத்தந்தவர் வேலிக்கு அந்தப் பக்கம் இருந்த இத்தாலியக் கிழவர். எனக்கும் ஆங்கிலம் இல்லை, அவருக்கும் இல்லை. ஒக்டோபரில் ஒரு பல்லை எடுத்து, கூர்ப் பக்கம் மேலே, இவ்வளவு ஆழம் என்று விரலால் காட்டினார். கிண்டி எடுப்பது ஜூலையில். அவர் போய்ப் பல வருடம், இன்றைக்குக் காலையிலும் மிஞ்சிக் கிடந்த பனிக்குள்ளால் பச்சை முனைகள் எட்டிப் பார்த்தன.

அப்புறம், கறிவேப்பிலைச் சட்டி வைத்திருந்தால் ஜூன் வரை உள்ளேயே இருக்கட்டும். நான் இரண்டு மரத்தைக் குளிருக்குக் கொடுத்தவள்.