பூங்காவைக் கேளுங்கள், சாவியைக் கேட்காதீர்கள்

கேள்வி: பெங்களூரு ஜீவனஹள்ளியில் குடியிருக்கிறோம். தெருமுனைப் பூங்காவை மாநகராட்சி புதுப்பிக்கப் போகிறதாம். எங்கள் யோசனைகளைச் சேர்க்க வைப்பது எப்படி? பராமரிப்பைக் குடியிருப்போர் சங்கமே ஏற்கலாமா?

பதில்: எஸ்டிமேட் போடும் முன்பே தோட்டக்கலைப் பிரிவு அலுவலகத்துக்குப் போய்விடுங்கள். டெண்டர் விட்டபின் ஒரு பெஞ்சை நகர்த்துவதுகூடப் பெரும்பாடு.

ஆனால் வெறுங்கையோடு போகாதீர்கள். சங்கக் கூட்டத்துக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் காலை நடைக்காரர்கள். அவர்களைக் கேட்டால் நடைபாதை வேண்டும் என்பார்கள், மீண்டும் கேட்டால் இன்னும் அகலமான நடைபாதை! ஒரு வேலைநாளும் ஒரு ஞாயிறும் பூங்காவில் உட்கார்ந்து, யார் எப்போது வருகிறார்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். வீட்டுவேலை முடித்து, மதியம் மர நிழலில் டிபன் டப்பாவைத் திறக்கும் பெண்கள் சங்கத்துக்குச் சந்தா கட்டியவர்கள் அல்லர். கழிப்பறையும் குடிநீரும் அவர்களுக்குத்தான் அவசரத் தேவை. கிரிக்கெட் ஆடும் பையன்களையும் அழைத்து வரைபடத்தைக் காட்டுங்கள். அவர்களுக்கு இடம் ஒதுக்காவிட்டால் பந்து பூச்செடி மேல்தான் விழும்.

வரைபடத்தில் மரங்களைச் சுற்றிப் பாருங்கள். அடிமரம் வரை கல் பதித்தால் வேருக்கு நீரும் காற்றும் போகாது. சுற்றிலும் ஒரு மீட்டராவது மண் விடச் சொல்லுங்கள். 2024 கோடையில் டேங்கர் லாரிக்குக் காத்துக் கிடந்த ஊரில் அலங்கார நீரூற்று எதற்கு என்பது என் கட்சி. அந்தப் பணத்தில் மழைநீரை மண்ணுக்குள் இறக்கும் கிணறு வெட்டலாம். கட்டடம் எழுப்பும் பேச்சு வந்தால், பூங்கா நிலத்தைக் காக்க கர்நாடகத்தில் 1985ஆம் ஆண்டுச் சட்டம் இருப்பதை நினைவூட்டுங்கள்.

முழுப் பராமரிப்பை ஏற்காதீர்கள். தோட்டக்காரர் சம்பளமும் பம்பு பழுதும் மாநகராட்சியின் பொறுப்பாகவே இருக்கட்டும். சாவி கைக்கு வந்தால், 'வெளியாட்களுக்கு அனுமதி இல்லை' என்று பலகை மாட்டும் ஆசையும் சங்கங்களுக்கு வந்துவிடுகிறது. காலை 5 முதல் இரவு 10 வரை பூங்காக்கள் திறந்திருக்கும் என்று 2024இல் மாநகராட்சி அறிவித்ததே, நடுப்பகலில் பூட்டும் வழக்கம் பலரை வெளியே நிறுத்தியதால்தான். சருகை எரிக்காமல் கம்பிவலைக் கூண்டில் மக்கவைப்பது, புதுக் கன்றுகளுக்கு முதல் இரண்டு கோடைகளில் தண்ணீர் ஊற்றுவது ஆகியவற்றைத் தோட்டக்காரரோடு பேசி முறைவைத்துச் செய்யுங்கள்.

மனுவைக் கன்னடத்தில் எழுதி, நகலில் முத்திரையோடு ஒப்புகை வாங்குங்கள். பதில் வராவிட்டால் தகவல் உரிமைச் சட்டத்தில் எஸ்டிமேட் நகல் கேளுங்கள். கட்டணம் 10 ரூபாய், பதிலுக்குக் கெடு 30 நாள். கர்நாடக விதிப்படி ஒரு மனுவில் ஒரே பொருள், 150 சொற்களுக்குள்.