தோசைக்கல்லைப் பரணில் ஏற்றுங்கள்

கேள்வி: கணவரின் அலுவலக நண்பர்கள் மூன்று பேரைத் தம்பதியாக சனிக்கிழமை இரவுச் சாப்பாட்டுக்கு அழைத்திருக்கிறோம். எங்களோடு சேர்த்து எட்டு பேர். ஹோட்டலில் தருவதுபோல சூப், ஸ்டார்ட்டர், மெயின், டெசர்ட் என்று ஒவ்வொன்றாகப் பரிமாற ஆசை. ஆனால் 2,000 ரூபாய்க்கு மேல் செலவழிக்க முடியாது. இருப்பதோ நான்கு பேர் உட்காரும் மேசை. போன முறை எல்லோரும் ஹாலில் சிரித்துப் பேசிக்கொண்டிருக்க, நான் ஒன்பதரை மணி வரை தோசை வார்த்துக்கொண்டிருந்தேன். இந்த முறையாவது நானும் உட்கார்ந்து சாப்பிட வழி உண்டா?
- வாசகி, கோவை

பதில்: உண்டு. முதலில் அந்தத் தோசைக்கல்லைப் பரணில் ஏற்றுங்கள். தோசை, பூரி, சப்பாத்தி, பஜ்ஜி எல்லாம் சுடச்சுடத் தின்றால்தான் ருசி. அதாவது யாராவது ஒருவர் அடுப்படியில் நின்றே ஆகவேண்டும். அந்த ஒருவர் யார் என்பது உங்களுக்கே தெரியும்.

ஒவ்வொன்றாகப் பரிமாறுவதைப் பெரிய வித்தை என்று நினைத்துப் பயப்படாதீர்கள். பிரான்சிலேயே முன்பு எல்லாவற்றையும் மேசையில் பரப்பி வைத்துத்தான் விருந்து போட்டார்கள். வரிசையாகக் கொண்டுவரும் பழக்கம் 19ஆம் நூற்றாண்டில்தான் அங்கே பரவியது, அதற்கு ரஷ்ய முறை என்றே பெயர். நமக்கோ சாம்பார், ரசம், மோர் என்ற வரிசை தூக்கத்தில் கேட்டாலும் வரும். அதைக் கொஞ்சம் கலைத்துப் போட்டால் போதும்.

சூப்புக்குப் பதில் மிளகு ரசம். மல்லிகடானி என்று சூப் பட்டியலில் இருக்கிறதே, அது நம் மிளகுத் தண்ணிதான், வெள்ளைக்காரர் வாயில் அப்படி ஆகிப்போனது. தெளிவாக மொண்டு ஃபிளாஸ்க்கில் ஊற்றி வைத்துவிடுங்கள். வந்தவர்கள் செருப்பைக் கழற்றி உட்கார்ந்ததும் சின்ன டம்ளரில் ஆளுக்குக் கொஞ்சம்.

அடுத்தது பள்ளிப்பாளையம் சிக்கன். விலை குறைவான விருந்துக்கு இதைவிடத் தோதான கறி எனக்குத் தெரியாது. சின்ன வெங்காயம், வரமிளகாய், தேங்காய்ப் பல், மஞ்சள், உப்பு, அவ்வளவுதான். மசாலாப் பொடி எதுவும் வேண்டாம். தொட்டுக்கொள்ளத்தான் என்பதால் எட்டு பேருக்கு ஒரு கிலோ போதும். ஆறு மணிக்கே செய்து வைத்து, பரிமாறும்போது ஐந்து நிமிடம் கிளறினால் இன்னும் சுருண்டு வரும். யார் சைவம் என்று வெள்ளிக்கிழமையே கேட்டுவிடுங்கள். அவர்களுக்காக 400 கிராம் கொண்டைக்கடலையை முந்தின இரவே ஊறப்போட்டுச் சுண்டல் செய்யுங்கள். ஆறினாலும் கெடாது. எப்படியும் கறி தின்பவர்களும் அதில் கை வைப்பார்கள்.

மெயின் என்று பிரியாணிக்குப் போகாதீர்கள். கோவையில் இருந்துகொண்டு அரிசியும் பருப்பும் சாதத்தை மறக்கலாமா? முக்கால் கிலோ அரிசி, 200 கிராம் துவரம்பருப்பு, அரிசியும் பருப்பும் சேர்ந்த அளவுக்குச் சுமார் மூன்று பங்கு தண்ணீர். ஐந்து லிட்டர் குக்கர் தாங்காது, பொங்கி வழிந்து விசிலை அடைத்துக்கொள்ளும். பக்கத்து வீட்டில் எட்டு லிட்டர் குக்கர் கேளுங்கள், இல்லையென்றால் இரண்டு குக்கரில் பிரித்து வையுங்கள். தாளித்து வதக்குவதை விருந்தாளிகள் வருவதற்கு முன்பே முடித்துக்கொண்டு, எல்லோரும் சிக்கனில் மும்முரமாக இருக்கும்போது அரிசியைப் போட்டு அடுப்பைப் பற்றவையுங்கள். மூன்று விசில், அப்புறம் ஆவி அடங்கக் கால் மணி நேரம். ஹோட்டலில் ஒரு தட்டுக்கும் அடுத்த தட்டுக்கும் நடுவே காத்திருக்க வைக்கிறார்களே, அந்த இடைவெளியை உங்களுக்குக் குக்கரே கொடுத்துவிடும். அன்றிரவு நீங்கள் அடுப்படிக்குப் போகும் நேரம் மொத்தமே பத்து நிமிடம்தான் இருக்கும். மேலே நெய், பக்கத்தில் உருளைக்கிழங்கு வறுவல், அப்பளம். அப்பளத்தை மாலையே பொரித்து டப்பாவில் மூடிவிடுங்கள்.

பிறகு ஆளுக்கு ஒரு கரண்டி தயிர்சாதம். சாதத்தைக் குழைய வடித்து, வெதுவெதுப்பாக இருக்கும்போது பால் விட்டுப் பிசைந்து, இரண்டு ஸ்பூன் தயிர் மட்டும் சேர்த்து மூன்று மணிக்கு வைத்தால் இரவு புளிக்காமல் இருக்கும். மேலே மாதுளை முத்து தூவினால் டெசர்ட் மாதிரியே தெரியும்.

இனிப்புக்குச் சேமியா பாயசம் வேண்டவே வேண்டாம். ஒன்பது மணிக்குக் கத்தி போட்டு வெட்டலாம். பாசிப்பருப்புப் பாயசம் வையுங்கள். அதுவும் இறுகத்தான் செய்யும், ஆனால் தேங்காயின் முதல் பாலைக் கொஞ்சம் எடுத்து வைத்திருந்து கடைசியில் கலந்தால் இளகிவிடும். முதல் பாலை ஊற்றிய பிறகு கொதிக்கவிட வேண்டாம், திரிந்துபோகும். அதற்கும் பிறகு யாருக்காவது ஏதாவது வேண்டுமென்றால் ஃபிளாஸ்க்கில் சுக்குக் காப்பி. ஃபில்டர் காப்பி என்றால் எட்டு பேருக்கு எட்டு விதமாகச் சர்க்கரை கேட்பார்கள்.

நெய், முந்திரி, வாழையிலை எல்லாம் சேர்த்து நான் போட்ட கணக்கு 1,400 ரூபாய்க்குள் அடங்குகிறது. தக்காளியும் சின்ன வெங்காயமும் அந்த வாரம் என்ன விலை விற்கிறதோ, நூறு இருநூறு ஏறலாம். மீதியைக் கேக்கில் போட்டுவிடாதீர்கள்.

மேசையை ஓரமாகத் தள்ளிப் பாயசமும் தண்ணீரும் வைக்கப் பயன்படுத்துங்கள். ஹாலில் பவானி ஜமுக்காளம் விரித்து இலை போட்டால் எட்டு பேரும் ஒரே வரிசையில் உட்காரலாம். முட்டி வலிக்காரர் யாராவது இருந்தால் நாற்காலி. இலை போட்டால் கழுவத் தட்டும் இல்லை. இலையை எடுப்பதும் பாத்திரம் கழுவுவதும் கணவர் பொறுப்பு என்று இன்றைக்கே பேசி வையுங்கள், அவருடைய அலுவலக நண்பர்கள்தானே?

"நாங்க என்ன வாங்கிட்டு வரட்டும்?" என்று யாராவது போன் செய்தால் "ஒண்ணும் வேண்டாம்" என்று சொல்லிவிடாதீர்கள். வெற்றிலை பாக்கு வாங்கி வரச் சொல்லுங்கள்.