மீட்டப்புக்கு எதுக்கு அக்கா போகணும்? நம்ம கடற்கரை டெவலப்பர்களின் கேள்விகளும் என் பதில்களும்

நான் மண்டபத்துக்காரி. சென்னையில் பதினோரு வருடம் வேலை பார்த்துவிட்டு, 2020இலிருந்து ராமநாதபுரத்தில் வீட்டிலிருந்தே மென்பொருள் எழுதுகிறேன். மீட்டப் (ஒரே துறைக்காரர்கள் நேரில் கூடிப் பேசும் சின்னக் கூட்டம்), கான்ஃபரன்ஸ், அங்கே நடக்கும் டாக் என்கிற பேச்சுகள் பற்றி நம் பக்கத்துப் பிள்ளைகள் கேட்டவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

கீழக்கரை, வெப் டெவலப்பர்: அக்கா, வாரத்துக்கு ஒரு புது ஃபிரேம்வொர்க் (சாஃப்ட்வேர் எழுத உதவுற ஆயத்தச் சட்டகம்) வருது. எல்லா டாக்கும் யூடியூப்ல வந்துடுது. நேர்ல எதுக்குப் போகணும்?

புதிதாக என்ன வந்திருக்கிறது என்று தெரிந்துகொள்ள மட்டும்தான் என்றால் போகவே வேண்டாம், தம்பி. அது உங்கள் போனுக்கே வந்துவிடும். வந்ததில் எதைக் கண்டுகொள்ளாமல் விடலாம் என்பதுதான் வீட்டில் உட்கார்ந்தால் தெரியாது. பட்டவர்தான் சொல்ல வேண்டும். அவரும் மேடையில் சொல்வதைவிட டீ குடிக்கும்போதுதான் அதிகம் சொல்வார்.

2016இல் நான் இருந்த டீம் ஆங்குலர்ஜேஎஸ் என்ற வெப் ஃபிரேம்வொர்க்கில் ஒரு பெரிய பில்லிங் சாஃப்ட்வேர் தொடங்க இருந்தது. ஆங்குலர் 2 வரப்போகிறது என்று தெரியும். வந்ததும் கொஞ்சம் திருத்தி மாற்றிக்கொள்ளலாம் என்று நினைத்திருந்தோம். ஒரு சனிக்கிழமை மீட்டப்பில், டாக் முடிந்து கையில் வடையோடு நின்றபோது, வேறு கம்பெனிக்காரர் ஒருவர் ஆங்குலர் 2இன் பீட்டாவில் (சோதனைப் பதிப்பில்) முயன்று பார்த்த கதையைச் சொன்னார். "அது அடுத்த பதிப்பு இல்லீங்க, வேற ஒண்ணு. எங்களுக்குக் கிட்டத்தட்ட எல்லாத்தையும் திரும்ப எழுத வேண்டியதாப் போச்சு" என்றார். இதே விஷயத்தை நாங்கள் முன்பே படித்திருந்தோம். ஆனால் ரெண்டு மாதத் தூக்கம் போன முகத்தோடு ஒருவர் சொன்னபோதுதான் உறைத்தது. திங்கட்கிழமை டீமில் சொல்லி, தொடங்குவதைத் தள்ளி வைத்தோம். அந்த செப்டம்பரில் ஆங்குலர் 2 வந்தது, அவர் சொன்ன மாதிரியே. பழைய ஆங்குலர்ஜேஎஸ்ஸுக்கு 2021 டிசம்பரோடு ஆதரவும் நின்றுபோனது. தொடங்கியிருந்தால் எத்தனை வருட உழைப்பு வீணாகியிருக்கும் என்று இன்றும் நினைத்துப் பார்ப்பேன்.

மண்டபம், கல்லூரி இறுதியாண்டு: ஒரே நேரத்துல மூணு ஹால்ல டாக் நடக்குது. எது முக்கியம்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

பெரிய பெயர், பெரிய ஹால் என்று பார்த்துப் போகாதீர்கள். 2013 மார்ச்சில் அமெரிக்காவின் சாண்டா கிளாராவில் நடந்த, பைத்தான் மொழிக்காரர்களின் மாநாடான பைகானில், சாலமன் ஹைக்ஸ் என்பவர் ஐந்தே நிமிட லைட்னிங் டாக்கில் ஒன்றைக் காட்டினார். அதுதான் டாக்கர்: ஒரு மென்பொருளை அதற்குத் தேவையானவற்றோடு சேர்த்துக் கட்டி, எந்த சர்வரிலும் ஓட வைக்கும் கருவி. இன்று சர்வர் பக்கம் வேலை பார்க்கிறவர்கள் அதைத் தொடாமல் இருப்பது அபூர்வம். அதே வருடம் மே மாதம் ஜாவாஸ்கிரிப்ட் மாநாடான ஜேஎஸ்கான்ஃபில், வெப் பக்கத்தின் முகப்பை எழுத உதவும் ரியாக்ட்டை வெளியிட்டபோது, ஜாவாஸ்கிரிப்டுக்குள் எச்டிஎம்எல் மாதிரி எழுதுவதா என்று பலர் முகம் சுளித்தார்கள். ஹாலில் கைதட்டல் எவ்வளவு என்பதை வைத்து எதையும் முடிவு செய்யக்கூடாது. உங்கள் வேலையில் இப்போது எது வலிக்கிறதோ அந்தத் தலைப்புக்குப் போங்கள். லைட்னிங் டாக் நேரத்தில் மட்டும் வெளியே போய்விடாதீர்கள்.

தொண்டி, இரண்டாம் ஆண்டு: இங்கிலீஷ்ல வேகமாப் பேசுறாங்க. பாதி புரியல. வெளிய சொல்லவும் கூச்சமா இருக்கு.

கூச்சப்பட ஒன்றுமில்லை. காஞ்சிபுரம் லினக்ஸ் குழுவினர் ஞாயிறுதோறும் இணையவழியில் கூடுகிறார்கள், பேச்சு தமிழில்தான். முதலில் அங்கே போய் உட்காருங்கள். கணியம் தளத்தில் கட்டற்ற மென்பொருள் (லினக்ஸ் மாதிரி, யாரும் பார்த்து, திருத்தி, பகிரக்கூடியது) பற்றித் தமிழிலேயே நிறைய எழுதியிருக்கிறார்கள். ஆங்கில டாக்குக்குப் போகும்போது எல்லாவற்றையும் பிடிக்க முயலாதீர்கள். புரியாத மூன்று சொற்களை மட்டும் குறித்துக்கொண்டு வந்து, ராத்திரி அவற்றைத் தேடிப் படியுங்கள். நான் ஒரு வருடம் இப்படித்தான் செய்தேன்.

தங்கச்சிமடம், டெஸ்டர்: சென்னை, பெங்களூர்னு சொன்னா வீட்ல விட மாட்டேங்குறாங்க. செலவும் இருக்கு.

இது நம் ஊர்ப் பெண்கள் எல்லோருக்கும் உள்ள கேள்வி, தங்கச்சி. நான் முதல் தடவை போனபோது அம்மாவையும் கூட்டிக்கொண்டு போனேன். கடைசி வரிசையில் உட்கார்ந்து முழுவதும் கேட்டார். யார் எப்படி நடந்துகொள்கிறார்கள் என்று அவரே கண்ணால் பார்த்தார். அதற்குப் பிறகு வீட்டில் பேச்சே எழவில்லை.

போவதற்கு முன் இரண்டைப் பாருங்கள். நடத்தை விதிகளை வெளிப்படையாகப் போட்டிருக்கிறார்களா? தொந்தரவு வந்தால் யாரிடம் சொல்ல வேண்டும் என்று பெயரும் எண்ணும் கொடுத்திருக்கிறார்களா? இல்லையென்றால் மெயில் அனுப்பிக் கேளுங்கள். பதில் வராத கூட்டத்துக்குப் போக வேண்டாம்.

செலவுக்கு ஒரு வழி: பைகான் இந்தியா போன்றவற்றில் நிதியுதவிக்கு விண்ணப்பிக்கலாம். லினக்ஸ் வகைகளில் ஒன்றான டெபியனை உருவாக்குகிறவர்களின் வருடாந்திர மாநாடு 2023இல் கொச்சியில் நடந்தது. அதற்கும் பயணம், தங்குமிடம், சாப்பாட்டுக்கு உதவி உண்டு. கேட்பதை யாரும் குறைவாக நினைப்பதில்லை, அதற்காகத்தான் அந்தப் பணத்தை ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். சென்னை மாதாந்திரக் கூட்டம் என்றால் வெள்ளி ராத்திரி ரயில் ஏறி, சனி ராத்திரி ரயிலில் திரும்பிவிடலாம். 2022 டிசம்பரில் பழைய பாம்பன் பாலத்தில் ரயில் நின்றதிலிருந்து 2025 ஏப்ரலில் புதுப்பாலம் திறக்கும்வரை, தீவிலிருந்து பஸ் பிடித்து இக்கரைக்கு வந்துதான் ரயில் ஏறினீர்கள். இப்போது அந்த அலைச்சல் இல்லை.

ஏர்வாடி, ஃப்ரீலான்சர்: பாதி டாக் விளம்பரம் மாதிரி இருக்கு. எப்படித் தெரிஞ்சுக்கிறது?

கேள்வி நேரத்தில் எழுந்து, "இதை எந்த இடத்தில் பயன்படுத்தக்கூடாது?" என்று கேளுங்கள். உண்மையில் பயன்படுத்தியவர் உடனே இரண்டு இடம் சொல்வார். விற்க வந்தவர் சுற்றி வளைப்பார். சர்வரில் ஜாவாஸ்கிரிப்டை ஓட்ட உதவும் நோட் ஜேஎஸ்ஸை உருவாக்கிய ரயன் டால், அதை 2009இல் அறிமுகம் செய்த அதே ஜேஎஸ்கான்ஃப் ஈயூ (ஐரோப்பிய ஜேஎஸ்கான்ஃப்) மேடையில், 2018இல் ஏறி, நோட்டில் தான் செய்து வருந்தும் பத்து விஷயங்களைச் சொன்னார். ஒரு கருவியைப் பற்றி நான் கேட்க விரும்புவது அந்த மாதிரிப் பேச்சைத்தான்.

மூக்கையூர், டிப்ளமோ: சர்டிஃபிகேட் தருவாங்களா? வேலைக்கு உதவுமா?

சில இடங்களில் தருவார்கள். உதவாது.

தேவிபட்டினம், 41 வயது: ராமேஸ்வரம் லாட்ஜ்களுக்கு பிஎச்பியில் புக்கிங் சாஃப்ட்வேர் எழுதிக் கொடுக்கிறேன். இப்போது ஏஐ எல்லாம் எழுதிவிடுகிறது. இனிமேல் நான் கூட்டத்துக்குப் போய் என்னம்மா ஆகப்போகிறது?

அண்ணே, நீங்கள்தான் கட்டாயம் வர வேண்டும். ஏஐ கோடு எழுதும், நானும் தினமும் பயன்படுத்துகிறேன். ஆனால் தை அமாவாசைக்கு முந்தின ராத்திரி எல்லா லாட்ஜும் ஒரே நேரத்தில் உள்ளே நுழையும்போது எந்தக் குவெரி (டேட்டாபேஸிடம் கேட்கும் கேள்வி) திணறும் என்று உங்களுக்குத்தான் தெரியும். டேட்டாபேஸோடு பேசும் பழைய மைஎஸ்கியூஎல் ஃபங்ஷன்களை பிஎச்பி 7இல் எடுத்தே விட்டார்கள். பிஎச்பி 5.6க்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் 2018 டிசம்பரோடு நின்றன. ஓடிக்கொண்டிருந்த லாட்ஜை நிறுத்தாமல் நீங்கள் எப்படி மாறினீர்கள் என்று இருபது நிமிடம் பேசுங்கள். கல்லூரிப் பையன்களுக்கு அது எந்தப் பாடத்திலும் கிடைக்காது.

ஏஐ பற்றிக் கேட்கவும் கூட்டம்தான் நல்ல இடம். எங்கள் கூட்டத்தில் ஒரு தம்பி, ஏஐ எழுதிக் கொடுத்த கோடில் இல்லவே இல்லாத ஒரு லைப்ரரியின் (இணையத்திலிருந்து இறக்கிச் சேர்க்கும் ஆயத்தக் கோடின்) பெயர் இருந்ததைக் காட்டினார். அந்தப் பெயரில் யாராவது கெட்ட கோடை ஏற்றி வைத்தால், பார்க்காமல் இன்ஸ்டால் செய்கிறவர் மாட்டிக்கொள்வார். அன்றிலிருந்து நாங்கள் எல்லோரும் பெயரைத் தேடிப் பார்த்துவிட்டுத்தான் இன்ஸ்டால் செய்கிறோம்.

ராமேஸ்வரம், மொபைல் ஆப் டெவலப்பர்: நம்ம ஊர்லயே ஒரு குழு ஆரம்பிச்சா ஆள் வருமா அக்கா?

வரும். ஆனால் எண்ணிக்கையைப் பார்க்கக்கூடாது. ராமநாதபுரத்தில் ஒரு டியூஷன் சென்டரின் மாடியில் எங்களுடையது நடக்கிறது. நாலு பேர் வந்த நாளும் உண்டு, பதினெட்டுப் பேர் வந்த நாளும் உண்டு. நாலு பேர் வந்த அன்றுதான் ஒருவர் லேப்டாப்பைத் திறந்து, மாட்டிக்கொண்ட இடத்தைக் காட்டி, மூன்று பேரும் சேர்ந்து அவிழ்த்தோம்.

முதலில் எல்லா ஊரையும் போல சனிக்கிழமை வைத்தோம். பாம்பன் தம்பி ஒருவர் வரவே இல்லை. விசாரித்தால், அவர் அப்பாவின் விசைப்படகு சனிக்கிழமை கடலுக்குப் போகும் நாள். ஞாயிறு காலை மீன் இறங்கும்வரை அவருக்கு வேலை இருக்கிறது. அன்றே ஞாயிறு சாயங்காலம் நாலு மணிக்கு மாற்றிவிட்டோம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலத்தில் அவருக்கு நேரம் கூடுதலாகக் கிடைக்கும். போன தடைக்காலத்தில் அவர்தான் எங்களுக்கு கிட் (Git) என்ற, கோடின் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கருவியை அடியிலிருந்து சொல்லிக் கொடுத்தார். அக்டோபர், நவம்பரில்தான் வெளியூர்க் கூட்டங்கள் நிறைய நடக்கும். நமக்கு அதுதான் மழைக்காலம். கரண்ட்டும் நெட்டும் போகும் என்பதால், பார்க்க வேண்டிய வீடியோவை முன்பே இறக்கிப் பென்டிரைவில் வைத்துக்கொள்கிறோம்.

நீங்கள் தொடங்கும்போது ப்ரொஜெக்டர், பேனர் என்று தேடாதீர்கள். ஒரு லேப்டாப்பைச் சுற்றி உட்கார இடம் போதும். எந்த ஞாயிறு என்று மட்டும் முன்கூட்டிச் சொல்லுங்கள். பாம்பன் தம்பியையும் கூட்டிக்கொண்டு பஸ் ஏறி வந்துவிடுகிறேன்.