மார்ச்சில் நிறுத்திய சைக்கிள்
(சைக்கிள் கேள்வி – பதில், செப்டம்பர் 2020)

கொரோனா ஊரடங்கு தொடங்கியபோது பால்கனியில் நிறுத்திய ஹைப்ரிட் சைக்கிளை இப்போதுதான் எடுக்கிறேன். செயினில் துரு, டயரில் காற்றே இல்லை. ஞாயிறு முழு ஊரடங்கும் விலகிவிட்டது, குழுவோடு இ.சி.ஆர். (கிழக்குக் கடற்கரைச் சாலை) போக ஆசை. கடையில் பத்து நாள் ஆகும் என்கிறார்கள். நானே சரிசெய்ய முடியுமா?
– வாசகி, திருவான்மியூர்

தாராளமாக முடியும். ஒரு மாலை போதும்.

டயரின் பக்கச்சுவரை விரலால் மடக்கிப் பாருங்கள். உள்நூல் தெரிந்தால் அந்த டயர் வேண்டாம். நன்றாக இருந்தால், 700×35 அளவுக்கு 55 முதல் 60 பி.எஸ்.ஐ. (காற்றழுத்த அளவு) வரை அடித்து இரவு முழுக்க விட்டுவையுங்கள். காலையில் பாதி இறங்கியிருந்தால் டியூபைக் கழற்றித் தண்ணீரில் முக்குங்கள். வால்வின் அடியில் குமிழ் வந்தால் ஒட்டு நிற்காது. டியூபையே மாற்ற வேண்டும்.

செயின் துருவுக்குக் காரணம் உங்கள் பகுதியின் உப்புக்காற்று. பழைய டூத்பிரஷில் மண்ணெண்ணெய் தொட்டுத் தேய்த்துத் துடைத்து, நன்றாகக் காயவிடுங்கள். பிறகு பெடலைப் பின்பக்கமாக மெதுவாகச் சுற்றிக்கொண்டே ஒவ்வொரு கண்ணிக்கும் ஒரு சொட்டு செயின் எண்ணெய் விடுங்கள். தேங்காய் எண்ணெய் கூடவே கூடாது, பிசினாகிவிடும். டிஸ்க் பிரேக் என்றால் டிஸ்க்கைத் துணியால் மூடிவிட்டு இந்த வேலையைச் செய்யுங்கள். பத்து நிமிடம் கழித்து உலர்ந்த துணியால் செயினின் வெளிப்புறத்தை அழுத்தித் துடைக்க வேண்டும். பலரும் விட்டுவிடுவது இதைத்தான். வெளியே மிஞ்சும் எண்ணெயில் கடற்கரை மணல் ஒட்டி, செயினையே அரைத்துவிடும்.

சுற்றும்போது பின் டிரெயிலியரின் (கியர் மாற்றும் கருவி) குட்டிப் பல்சக்கரம் ஓர் இடத்தில் மட்டும் துள்ளுகிறதா? அங்கே ஒரு கண்ணி இறுகியிருக்கிறது. அதன் இருபுறமும் பிடித்துப் பக்கவாட்டில் லேசாக வளைத்துக்கொடுங்கள், இளகிவிடும்.

கடைசியாக ஓர் எஃகு ஸ்கேலை செயின் மீது வையுங்கள். கண்ணிகளை இணைக்கும் ஒரு பின்னின் (ஊசி) நடுவில் சுழியை வைத்தால், 12 அங்குலக் கோட்டில் இன்னொரு பின்னின் நடு சரியாக விழ வேண்டும். 1/16 அங்குலம் தள்ளி விழுந்தால் செயினை மாற்றுங்கள். 1/8 என்றால் கேசட்டும் (பின்சக்கரத்தின் பல்சக்கரத் தொகுப்பு) தேய்ந்திருக்கும்.

எங்கள் குழுவில் 12 பேர். எப்படிப் போவது? முகக்கவசத்தோடு மிதிக்க முடியுமா?
– வாசகர், அண்ணா நகர்

செப்டம்பர் 2020 விதிப்படி பொது இடத்தில் ஐந்து பேருக்கு மேல் கூடத் தடை. நான்கு நான்கு பேராகப் பிரிந்து, பத்து நிமிட இடைவெளியில் கிளம்புங்கள். வெவ்வேறு இடங்களில் தொடங்குவது இன்னும் நல்லது.

முன்னால் போகிறவரின் சக்கரத்தை ஒட்டிப்போய்க் காற்று மறைவில் மிதிக்கும் பழக்கத்தை இப்போதைக்கு விட்டுவிட வேண்டும். பெல்ஜிய, நெதர்லாந்து ஆய்வாளர்கள் ஏப்ரலில் வெளியிட்ட கணினிக் கணக்கு, வேகமாக மிதிப்பவருக்கு நேர்பின்னால் 20 மீட்டர் விடச் சொன்னது. அது எச்சில் துளிகள் போகும் வழியைத்தான் கணக்கிட்டது, தொற்றை அளக்கவில்லை. ஆனாலும் முன்னவரின் மூச்சும் வியர்வையும் பின்னவர் முகத்துக்கு வரும் என்பதில் சந்தேகமில்லை. மறைவு இல்லாததால் மெதுவாகப் போகிறவர்தான் முதலில் களைப்பார். அவர் வேகமே குழுவின் வேகமாக இருக்கட்டும்.

கடும் உடற்பயிற்சியின்போது முகக்கவசம் வேண்டாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம்: வியர்வையில் நனைந்தால் மூச்சு விடச் சிரமம். ஆனால் 2020 விதிப்படி இங்கே வெளியில் வந்தால் முகக்கவசம் கட்டாயம். ஆகவே முகக்கவசத்தோடு பேசிக்கொண்டே போகிற வேகத்தில் மிதியுங்கள். நனைந்தால் மாற்ற இரண்டு கூடுதலாக எடுத்துக்கொள்ளுங்கள்.

பஞ்சரானால் ஓடிவந்து கைகொடுப்பதுதான் நம் குழுக்களின் அழகு. இப்போது அதையும் தள்ளி நின்றுதான் செய்ய வேண்டும். ஆளுக்கொரு டியூப், இரண்டு டயர் லீவர் (டயரைக் கழற்றும் நெம்பு), பம்ப் கட்டாயம். கிரீஸ் படிந்த கையில் சானிடைசர் சரியாக வேலை செய்யாது. ஒரு சோப்புத் துண்டும் ஒரு ஜோடி ரப்பர் கையுறையும் பையில் இருக்கட்டும்.

வயது 45. கொரோனா லேசாக வந்து போய்விட்டது. எப்போது மிதிக்கலாம்?
– வாசகர், தாம்பரம்

குறைந்தது 10 நாள் ஓய்வு, அதில் அறிகுறியே இல்லாத 7 நாள். இது 2020இல் விளையாட்டு மருத்துவர்கள் சொன்ன கணக்கு. பிறகு இரண்டு நாள் 15 நிமிடம் மட்டும், நாடித்துடிப்பு 120ஐத் தாண்டாமல். அடுத்தடுத்த நாட்களில் 30, 45 நிமிடம் என ஏற்றுங்கள். நெஞ்சுவலி, படபடப்பு, வழக்கத்தை மீறிய மூச்சிரைப்பு எது வந்தாலும் அங்கேயே இறங்கி, இ.சி.ஜி. எடுக்காமல் மறுபடி ஏறாதீர்கள். வைரஸ் இதயத் தசையையும் தாக்கக்கூடும். மருத்துவமனையில் இருந்து வந்தவர்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. மருத்துவரைக் கேட்டுத்தான் தொடங்க வேண்டும்.