நேற்று வரை நன்றாக இருந்த முள்ளு கத்திரி இன்று பச்சையாகவே சாய்வது ஏன்?

கேள்வி: ஐயா, வேலூர் மாவட்டம் அணைக்கட்டு ஊர்ப் பக்கம் ஒன்றரை ஏக்கர் கொல்லையில் முள்ளு கத்திரி வைத்திருக்கிறேன். நட்டு 50 நாள், பிஞ்சு விடும் நேரம். இலை பச்சையாக இருக்கும்போதே மதியம் தலை தொங்குகிறது, சாயந்திரம் நிமிர்கிறது, மூன்று நாலு நாளில் செத்துப்போகிறது. போன பட்டத்தில் அதே இடத்தில் தக்காளியும் இப்படித்தான் போனது. பூஞ்சாண மருந்து இரண்டு தடவை ஊற்றியும் கேட்கவில்லை. நேற்று வரை தளதளவென்று இருந்த செடி திடீரென்று எப்படிச் சாகிறது?

பதில்: அறிகுறிகளைப் பார்த்தால் பாக்டீரியா வாடல். பூஞ்சாண மருந்து கேட்காததும் அதனால்தான். இருந்தாலும் உறுதி செய்துகொள்ளுங்கள். வாட ஆரம்பித்த செடியின் அடித்தண்டில் நாலு விரற்கடைத் துண்டு ஒன்று வெட்டி, வெட்டுவாய் மட்டும் தெளிந்த தண்ணீரில் படும்படி கண்ணாடி டம்ளரில் அசையாமல் பிடியுங்கள். 5 நிமிடத்துக்குள் வெள்ளைப் புகை போல இழை இழையாகக் கீழே இறங்கினால் சந்தேகமே வேண்டாம். இழை வராமல் அடி இலை மஞ்சளாகி மெல்ல வாடியிருந்தால் ஃபுசேரியம் பூஞ்சாணம். நுனி மட்டும் தொங்கி, தண்டில் ஓட்டை இருந்தால் தண்டுத் துளைப்பான்.

'திடீரென்று' என்கிறீர்களே, அங்கேதான் விஷயம் இருக்கிறது. ரால்ஸ்டோனியா சொலனேசியாரம் என்ற இந்தக் கிருமி, தன் கூட்டம் எவ்வளவு பெருகியிருக்கிறது என்று தெரிந்துகொண்டுதான் தாக்குதலைத் தொடங்கும். ஒவ்வொரு கிருமியும் கொழுப்பு அமிலத்திலிருந்து ஒரு சின்ன மூலக்கூறைச் செய்து வெளியே விடுகிறது. கூட்டம் குறைவாக இருந்தால் அது கரைந்து போய்விடும். அப்போது பி.ஹெச்.சி.ஏ. என்ற கட்டுப்பாட்டுப் புரதம் அடங்கிக் கிடக்கும். கிருமி மண் ஈரத்தில் நீந்தி வேரைத் தேடும், வேர்ச்சுவரின் பெக்டினை அறுக்கும் நொதியைச் சுரக்கும், இரும்புச்சத்தைச் சேர்க்கும். செடிக்கு வெளியே ஒன்றும் தெரியாது.

வேருக்குள் புகுந்து நீர்க்குழாயில் பெருகி, மில்லிக்குச் சுமார் ஒரு கோடியைத் தாண்டியதும் அந்த மூலக்கூறு போதுமான அளவு சேர்ந்துவிடும். உடனே பி.ஹெச்.சி.ஏ. விழித்துக்கொள்ளும். நீச்சலுக்கான மரபணுக்கள் அணையும், பசை செய்யும் மரபணுக்கள் ஏறும். அந்தப் பசை நீர்க்குழாயை அடைத்துவிடும். வேரடியில் ஈரம் இருந்தும் இலைக்கு ஏறாது. மஞ்சளாகக்கூட அவகாசமில்லாமல் பச்சையாகவே சாய்வது இதனால்தான். டம்ளரில் இறங்குவதும் இந்தப் பசையும் கிருமியும்தான். ஆய்வகத் தட்டில் நெடுநாள் வளர்த்தால் சில கிருமிகளில் பி.ஹெச்.சி.ஏ.வைச் செய்யும் மரபணு பழுதாகிவிடும். பசை செய்யும் திறன் போய்விடும், அவற்றைச் செடியில் ஏற்றினாலும் பெரும்பாலும் வாடல் வராது. அவ்வளவு முக்கியமான பொத்தான் அது.

ஆகவே தலை தொங்கிய செடியைக் காப்பாற்ற வழியில்லை. ஸ்ட்ரெப்டோமைசின் கலந்த பொடி வாங்கித் தெளித்தால் காசுதான் வீண். அடைபட்ட குழாய்க்குள் அது போகாது. வாடிய செடியையும், நன்றாகத் தெரிந்தாலும் அதன் இரு பக்கத்துச் செடிகளையும் மண் உதிராமல் பிடுங்கிச் சாக்கில் போட்டு வெளியே கொண்டுபோய் எரியுங்கள். வரப்பில் போட்டால் அடுத்த பாசனத் தண்ணீரே கிருமியைப் பரப்பிவிடும். பிடுங்கிய குழியில் ஒரு கைப்பிடி பிளீச்சிங் பவுடர் போட்டு மூடுங்கள். சுற்றியுள்ள செடிகளின் வேரில் காப்பர் ஆக்சிகுளோரைடு லிட்டருக்கு 3 கிராம் கலந்து ஊற்றலாம். அது தடுப்பு மட்டுமே. நோய் கண்ட பாத்தியிலிருந்து நல்ல பாத்திக்குத் தண்ணீர் ஓடவிடாதீர்கள். ஈரத்தில் வேரை ஒட்டிக் களை கொத்த வேண்டாம். கொத்திய காயமும் நூற்புழு முடிச்சும் கிருமிக்கு வாசல்.

அடுத்த பட்டத்தில் கிருமி குறைவாக இருக்கும்போதே கை வைக்க வேண்டும். கிணற்றில் தண்ணீர் இருந்தால் ஒரு போகம் நெல் வையுங்கள், தேங்கிய தண்ணீரில் கிருமி குறையும். இல்லையென்றால் இரண்டு பட்டம் கேழ்வரகு அல்லது மக்காச்சோளம். நம் பக்கத்தில் வழக்கமாகப் போடும் நிலக்கடலையை மாற்றுப் பயிராக நம்பாதீர்கள், அதிலும் இந்த வாடல் வரும். தானே முளைக்கும் மணத்தக்காளியையும் விட்டுவைக்காதீர்கள்.

கத்திரி நடுவதற்கு ஒரு வாரம் முன்பு ஏக்கருக்கு 6 கிலோ பிளீச்சிங் பவுடரைச் சாலில் தூவித் தண்ணீர் கட்டுங்கள். நாற்றின் வேரை சூடோமோனாஸ் என்ற நல்ல பாக்டீரியாவை லிட்டருக்கு 10 கிராம் கலந்த கரைசலில் அரை மணி நேரம் நனைத்து நடலாம். நட்ட ஒரு மாதத்தில் ஏக்கருக்கு 1 கிலோ சூடோமோனாஸை 20 கிலோ மக்கிய தொழுவுரத்தில் கலந்து இடலாம். பிளீச்சிங்கையும் இதையும் ஒன்றாக இட்டால் நல்ல கிருமியும் சாகும். காப்பர் மருந்துக்கும் இதுவே.

அர்கா நிதி, அர்கா கேசவ் ரகங்கள் வாடலைத் தாங்கும், ஆனால் நீளக்காய். 2023ல் புவிசார் குறியீடு பெற்ற முள்ளு கத்திரியை விட்டு அவற்றுக்குப் போகச் சொல்ல எனக்கு மனமில்லை. உங்கள் விதையில் வளர்த்த நாற்றையே, இந்த வாடலைத் தாங்கும் சுண்டைக்காய் வேரில் ஒட்டுக் கட்டுங்கள். சுண்டை மெதுவாக முளைக்கும். கத்திரிக்கு மூன்று நாலு வாரம் முன்பே விதைத்தால்தான் இரண்டின் தண்டும் ஒரே பருமனுக்கு வரும். நடும்போது ஒட்டு மண்ணுக்கு மேலே நிற்கட்டும். புதைந்தால் கத்திரித் தண்டே வேர்விட்டு, கிருமி அந்த வழியாக ஏறும். அடியில் கிளம்பும் சுண்டைத் துளிர்களை வாரம் ஒருமுறை கிள்ளுங்கள். ஒட்டு நாற்று வேண்டுமென்றால் விரிஞ்சிபுரம் வேளாண் அறிவியல் நிலையத்தில் பட்டத்துக்கு இரண்டு மாதம் முன்பே கேட்டு வையுங்கள்.