உற்பத்தி லைனில் நிற்பவர்களிடம் இருந்து புது யோசனைகளை எப்படி வரவழைப்பது?

கேட்டவர் ஓசூர் சிப்காட்டில் ஓர் உதிரிபாகக் கம்பெனியில் இப்போதுதான் சூப்பர்வைசர் ஆகியிருக்கிறார். மேலே இருந்து 'இன்னோவேஷன், இன்னோவேஷன்' என்கிறார்களாம். மாதம் ஆளுக்கு ஒரு யோசனை என்று இலக்கு வேறு. ஆனால் லைனில் ஒருவரும் வாயைத் திறப்பதில்லை, பரிசுத் தொகையைக் கூட்டினால் சொல்வார்களா என்று கேட்கிறார்.

நானும் அதே சிப்காட்டில் ஒரு மெஷின் ஷாப்பில் லைன் பார்ப்பவன்தான். எனக்குத் தெரிந்தவரை அவர்களிடம் யோசனைக்குப் பஞ்சமே இல்லை. உங்களிடம் சொல்லாமல் வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். அதற்கு நியாயமான காரணமும் இருக்கிறது.

எங்கள் லைனில் ஒரு சிஎன்சி (கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டில் உலோகத்தைச் செதுக்கும் மெஷின்) ஆபரேட்டர், பாலக்கோடு பக்கத்துப் பையன், ஐடிஐ படித்தவர். அலுமினிய ஹவுசிங் ஓட்டுகிறார். ஒவ்வொரு பீஸைக் கழற்றியதும் பிக்சரில், அதாவது பீஸைப் பிடித்து வைக்கும் தாங்கியில், ஒட்டியிருக்கும் சிப்ஸை (உலோகச் சீவலை) ஏர் கன் வைத்து ஊதித் தள்ள வேண்டும். ஒரு துணுக்கு மிச்சம் இருந்தாலும் அடுத்த பீஸ் சரியாக உட்காராது, அளவு தப்பி ரிஜெக்ஷன் ஆகும். இவர் என்ன செய்திருக்கிறார் என்றால், பழைய செப்புக் குழாய் ஒன்றை வளைத்து, ஏர் லைனில் சேர்த்து, பீஸ் உட்காரும் இடத்தைப் பார்த்துக் கட்டிவிட்டார். ஒரு சின்ன வால்வைத் திருப்பினால் சிப்ஸ் தானாகப் பறந்துவிடும். நைட் ஷிப்டில் மட்டும்தான் இது. காலையில் ஆபீஸ் ஆட்கள் வருவதற்குள் கழற்றி டூல் பெட்டியில் போட்டுவிடுவார்!

ஏன் ஒளிக்கிறாய் என்று கேட்டேன். "முன்னாடி இருந்த கம்பெனியில காட்டினேன்ண்ணா. அடுத்த வாரமே டார்கெட்டை ஏத்திட்டாங்க, கூட இருந்த ஹெல்பரையும் வேற லைனுக்குத் தூக்கிட்டாங்க" என்றார். ஹெல்பரும் அவரும் ஒரே ஊர், ஒரே ரூம். அப்புறம் எப்படி இவர் வாயைத் திறப்பார்?

அதனால் நான் முதலில் போனது புரொடக்ஷன் மேனேஜரிடம். இந்தக் காலாண்டு முழுக்க அந்த மெஷினின் டார்கெட்டை ஏற்றக் கூடாது, ஆளையும் குறைக்கக் கூடாது என்று பேசி, ஒத்துக்கொண்டதை லைன் போர்டிலேயே எழுத வைத்தேன். மிச்சமாகும் நேரத்தில் அவரே பீஸை அளந்து பார்க்கட்டும் என்பது ஏற்பாடு. அதன் பிறகுதான் குழாய் பகலிலும் பிக்சரில் இருந்தது. மெயின்டனன்ஸ் ஆட்கள் அதை முறையான நாசிலாக மாற்றிக் கொடுத்தார்கள். பிராசஸில் எதை மாற்றினாலும் கஸ்டமருக்குத் தகவல், ட்ரையல், பேப்பர் வேலை என்று ஒரு பெரிய வால் இருக்கும் இல்லையா, அதை நான் எடுத்துக்கொண்டேன். தலைமை, தலைமை என்று மேடையில் பேசுகிறார்களே, ஷாப் ஃப்ளோரில் அது பெரும்பாலும் இந்த வால் பிடிக்கிற வேலைதான்.

டொயோட்டாவை எல்லாரும் உதாரணம் காட்டுவார்கள். அங்கே ஆலோசனைத் திட்டம் வந்தது 1951இல். அமெரிக்காவில் ஃபோர்டு கம்பெனியைச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்து தொடங்கினார்கள். ஆனால் அதற்கு முந்தைய வருடம்தான் ஆட்குறைப்பை எதிர்த்துப் பெரிய வேலைநிறுத்தம் நடந்து, தலைவர் கீச்சிரோ டொயோடாவே பதவியை விட்டு விலகினார். இதைப் பயிற்சி வகுப்பில் பெரும்பாலும் சொல்ல மாட்டார்கள். வேலை போகாது என்ற நம்பிக்கை இல்லாத இடத்தில் ஆலோசனைப் பெட்டி வைத்தால் பெட்டிதான் இருக்கும்.

நம் பக்கத்திலும் சாதித்தவர்கள் உண்டு. டிவிஎஸ் மோட்டார் 2002இல், தரத்துக்காக ஜப்பானில் கொடுக்கும் டெமிங் பரிசை வாங்கியது. அதே வருடம்தான் டைட்டன் 3.5 மி.மீ. தடிமனில் எட்ஜ் கடிகாரத்தைக் கொண்டு வந்தது. அதன் உள் இயந்திரம் வெறும் 1.15 மி.மீ. அதெல்லாம் பெரிய டீம், பல வருட உழைப்பு. உங்களுக்கும் எனக்கும் அது வேண்டாம், செப்புக் குழாய் போதும்.

அடுத்தது யோசனையை எழுதிக் கொடுக்கச் சொல்லும் அந்த ஃபார்ம். உங்கள் கம்பெனியிலும் ஆங்கிலத்தில்தான் இருக்கும், பந்தயமே கட்டலாம். 'ரூட் காஸ்' (மூல காரணம்), 'வருடத்துக்கு எத்தனை ரூபாய் மிச்சம்' என்றெல்லாம் கட்டங்கள். நம் லைனில் பாதிப் பேர் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசுகிறவர்கள், இப்போது ஒடிசா, பீகார் பையன்களும் சேர்ந்துவிட்டார்கள். ஒரு மணி நேர மெஷின் செலவு எவ்வளவு என்று அவர்களுக்கு யார் சொன்னது, ரூபாய்க் கணக்கு போட? மெஷின் பக்கத்தில் நின்று அவர் கையால் காட்டட்டும், நீங்கள் எழுதுங்கள். ஆனால் மேலே அவர் பெயர்தான் இருக்க வேண்டும். காண்ட்ராக்ட் ஆளாக இருந்தாலும் சரி, ட்ரெயினியாக இருந்தாலும் சரி. அந்த யோசனை உங்கள் பெயரில் ஒரே ஒரு ஸ்லைடில் வந்தால் போதும், அன்றைக்கே கேன்டீன் முழுக்கப் பரவிவிடும்.

பதிலை இழுத்தடிக்காதீர்கள். கிருஷ்ணகிரியில் மாங்கூழ் ஃபேக்டரியில் வேலை செய்யும் என் சித்தி இதைத்தான் சொல்வார். பெங்களூரா மாங்காய் சீசன் இரண்டு மூன்று மாதம்தான். பழுக்க வைக்கும் க்ரேட்டில் வைத்த தேதியைச் சாக்பீஸால் எழுதினால் காயையும் பழத்தையும் கலந்து கொட்ட மாட்டோமே என்று ஒருமுறை சொல்லியிருக்கிறார். மேனேஜர் 'பார்க்கலாம்மா' என்றார். பார்ப்பதற்குள் சீசனே முடிந்துவிட்டது. அடுத்த வருடம் வேறு மேனேஜர். சித்தி இப்போது எதுவும் சொல்வதில்லை. முடியாது என்றால் முடியாது, இன்ன காரணம் என்று அடுத்த ஷிப்டுக்குள் சொல்லிவிடுங்கள், கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

பரிசு விஷயம்: கொடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் ஒரே யோசனைக்குப் பெரிய தொகை வைத்தால் யார் முதலில் சொன்னது என்று சண்டைதான் வரும், நண்பர்கள் பேசாமல் போனதைப் பார்த்திருக்கிறேன். சின்னத் தொகையாக, செய்து முடித்த எல்லாவற்றுக்கும், அந்த மாதச் சம்பளத்தோடேயே கொடுங்கள். மாதம் ஆளுக்கு ஒன்று என்ற இலக்கை மட்டும் எப்படியாவது எடுக்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் 'இங்கே ஒரு குப்பைத் தொட்டி வைக்கலாம்' என்று முப்பது ஃபார்ம் வரும், நீங்கள்தான் உட்கார்ந்து முப்பதுக்கும் கையெழுத்துப் போட வேண்டும்.